நின்ற நேரம், ஓடிய நேரம்

என் தங்கை ஸ்வீட்டி செய்த விளையாட்டில் நான் அறுநூற்று நாற்பத்திரண்டு முறை செத்திருக்கிறேன். இது குத்துமதிப்பாகச் சொல்வதல்ல. ஒவ்வொரு சாவையும் நேரத்தோடு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

எங்கள் சபையில் யாரைப் பார்த்தாலும் அவளைப் பற்றித்தான் கேட்கிறார்கள். "பெங்களூர் வேலைய உட்டுட்டு வீட்ல பூச்சி பொம்மை வரைஞ்சிக்கினு கீறாளாமே உன் தங்கச்சி, நெஜமா?" ஆராதனை முடிந்து செருப்பு தேடும் நேரத்தில் கேட்டால் என்ன பதில் சொல்வது? பொம்மை இல்லை, கேம் என்றால், "அதான் பொம்மை" என்கிறார்கள். எனக்கு எரிச்சலாக வருகிறது. அதனால் உட்கார்ந்து எழுதிவிடுகிறேன். படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

என் பெயர் கிருபாபாய். படிப்பு பத்தாம் வகுப்பு வரை. நைனா, எங்கள் அப்பா, இறந்தபோது எனக்குப் பதினாறு வயது, ஸ்வீட்டிக்கு ஐந்து. அந்த வருடமே சித்தூரில் ஒரு மாம்பழக் கூழ் தொழிற்சாலையில் சேர்ந்தேன். இருபத்திரண்டு வருடமாக அங்கேதான் இருக்கிறேன். முதலில் பழம் பொறுக்கும் பெல்ட்டில் நின்றேன். இப்போது டின் மூடியைச் சோதிப்பது என் வேலை. அரை மணிக்கு ஒருமுறை ஒரு டின்னை எடுத்து, விளிம்பை அறுத்து, மூடியும் உடம்பும் சரியாக மடிந்து கோத்திருக்கிறதா என்று அளவெடுக்க வேண்டும். நூலளவு பிசகினாலும் இரண்டு மாதத்தில் டின் உப்பிவிடும்.

லைன் நின்றால் அதையும் நான்தான் எழுதவேண்டும். அதற்கு ஒரு ரிஜிஸ்டர் உண்டு. நின்ற நேரம், காரணம், நடவடிக்கை, மறுபடி ஓடிய நேரம் என்று நான்கு கட்டம். எங்கள் சூப்பர்வைசர் செங்கல்வராயன் சார் எல்லாரிடமும் சொல்வார்: "லைன் நிக்கக்கூடாது. நின்னா ஏன்னு தெரியணும். தெரிஞ்சா அதே காரணத்துக்கு இன்னொரு தபா நிக்கக்கூடாது." என் ரிஜிஸ்டரில் அடித்தல் திருத்தல் ஒன்று கூட இருக்காது என்று அவர் புதிதாக வருகிறவர்களிடம் காட்டுவதுண்டு.

ஸ்வீட்டி என்னைப் போல இல்லை. அவளுக்கு ஒன்பது வயது இருக்கும்போது கிறிஸ்துமஸுக்கு ஒரு கையடக்க கேம் வாங்கிக் கொடுத்தேன். சாம்பல் நிறத் திரை, கறுப்புக் கட்டைகள் மேலிருந்து விழும், இரண்டு பேட்டரி. மூன்றாம் நாள் பார்த்தால் அதைத் திருகு கழற்றிப் பாயில் பரப்பி வைத்திருந்தாள். அடிக்கக் கை ஓங்கினேன். "கட்டை எங்கேர்ந்து விழுதுன்னு பாக்கறேன்க்கா" என்றாள். மாலைக்குள் திரும்ப மாட்டிவிட்டாள். ஓடியது. எங்கள் குடும்பத்தில் முதல் இன்ஜினியர் அவள்தான் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். திருப்பதியில் பி.டெக் முடித்தாள். பெங்களூரில் நான்கு வருடம் ஒரு கம்பெனியில் வேலை. போனில் எந்த இடத்தில் பட்டனை வைத்தால் ஜனங்கள் அழுத்துவார்கள் என்று பார்க்கிற வேலை. போன ஜூனில் இரண்டு பைகளோடு வந்து இறங்கினாள்.

"லீவாடி?"

"ஒரு வருஷம் லீவு. ஒரு கேம் பண்ணப் போறேன். வர்ற ஜூன் ஒண்ணாந்தேதி வரைக்கும் வேணும்னா திரும்பி வந்து சேர்ந்துக்கோன்னு மேனேஜர் சொல்லிக்கீறாரு."

அந்த கேமின் பெயர் 'வண்டு'. மாங்கொட்டைக்குள் இருக்கும் வண்டு ஒன்று கூழ் தொழிற்சாலைக்குள் மாட்டிக்கொள்கிறது. பழம் கழுவும் தொட்டி, பெல்ட், தோல் சீவும் கத்தி, ஸ்டீம் ரூம், டின் அடைக்கும் மெஷின் எல்லாவற்றையும் தாண்டி வெளியே போகவேண்டும். நான் இருபத்திரண்டு வருடமாகப் பொறுக்கித் தூக்கி எறிகிற வண்டு. அதன் பக்கம் நின்று நானே ஆடவேண்டுமாம்.

நவம்பரில் எங்கள் லைனில் வேலை குறைவு. என் போனில் ஏற்றிக் கொடுத்து, ஆடிப் பார்த்துச் சொல்லு என்றாள்.

"இன்னாடி இது, படம் கட்டம் கட்டமா கீது? போன் ரிப்பேரா?"

"போன் நல்லாத்தான் கீதுக்கா. வேணும்னே அப்படிப் பண்ணது."

"வேணும்னே மோசமாப் பண்ணுவாங்களா?"

"பழைய காலத்து கேம் மாதிரி. பாதிய நான் வரைவேன், மீதிய ஆடறவங்க கண்ணு வரைஞ்சிக்கும். நீயே பாரு, இந்தப் பதினாறு கட்டத்த வண்டுன்னு எப்படிக் கண்டுபுடிச்ச?"

பதினாறு கட்டத்தில் ஒரு வண்டு இருந்தது உண்மைதான். மீசை கூட இருப்பது போலத் தெரிந்தது. எண்ணிப் பார்த்தேன், மீசைக்குக் கட்டமே இல்லை.

இரண்டாவது அறையில் செத்தேன். திரும்ப முதல் அறை. அதுவும் முன்பு பார்த்த அறை இல்லை. தொட்டி இருந்த இடத்தில் பெல்ட் இருந்தது.

"செத்தா முதல்லேர்ந்தா? வழியும் வேறயா?"

"ஆமா. ரோக்லைட்னு சொல்லுவாங்க. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அறை மாறும், கிடைக்கிற பழம் மாறும், ஒவ்வொரு பழத்துக்கும் ஒரு சக்தி. சேத்து வெச்ச மாங்கொட்டை மட்டும் செத்தாலும் உன் கூடவே இருக்கும். அத வெச்சி அடுத்த ஆட்டத்துல கொஞ்சம் பலமா கிளம்பலாம்."

"ஒரு தபா மாதிரி இன்னொரு தபா இல்லன்னா எங்க பேக்டரில அத டிபெக்ட்டுன்னு எழுதுவோம்."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வேலையில் செய்கிறபடியே செய்தேன். இருநூறு பக்க நோட்டு ஒன்று எடுத்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, நான்கு கட்டம் பிரித்தேன். செத்தால் லைன் நின்றதாகக் கணக்கு. நின்ற நேரம் எழுதி, காரணம் எழுதி, என்ன செய்யவேண்டும் என்று நடவடிக்கைக் கட்டத்தில் எழுதி, மறுபடி எப்போது ஆடினேனோ அந்த நேரத்தையும் போட்டேன். சரி செய்யவேண்டிய குறை ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஸ்வீட்டிக்குப் படித்துக் காட்டுவேன், அவள் குறித்துக்கொள்வாள். வார நாட்களில் குறைகளை ஒவ்வொன்றாகச் சரி செய்வாள்.

கேமில் ஒரு அம்மா வருவார். நீலக் கோட்டு, தலையில் வலைத்தொப்பி, கையில் டார்ச். எந்த அறையிலும் வரலாம். டார்ச் வெளிச்சம் பட்டால் வண்டு காலி. அந்தக் கோட்டு என் கோட்டு. அந்த நடையும் என்னுடையதுதான், இடது காலை லேசாக இழுத்து.

"என்னையே பேயாப் போட்டுக்கீறியே, வெக்கமா இல்ல?"

"நீதான்க்கா அதுல பெரிய ஆளு. உன்ன யாரும் கொல்ல முடியாது. ஒளிஞ்சிக்கத்தான் முடியும்."

சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. அந்த அம்மா சொல்லாமல் கொள்ளாமல் வருகிறார் என்று குறை எண் பதினேழில் எழுதினேன். நடவடிக்கை: வருவதற்கு முன் மணி அடிக்கவேண்டும். ஸ்வீட்டி மணி வைத்தாள். எந்தப் பழம் கிடைக்கும் என்று முன்கூட்டித் தெரியவில்லை என்று எழுதினேன். காட்டினாள். கத்தி வேகமாக இறங்குகிறது என்றேன். மெதுவாக்கினாள். ஏப்ரலுக்குள் அறுபத்தொரு குறை. அறுபத்தொன்றும் சரியாகிவிட்டது. ஏப்ரல் பத்தாம் தேதி நான் வண்டை வெளியே கொண்டுபோய்விட்டேன். திரையில் ஒரு மாமரம் வந்தது. எங்கள் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "வண்டு தப்பிச்சா நமக்கு இன்னாடி சந்தோஷம்?" என்று அம்மா கேட்டாள்.

ஏப்ரல் கடைசி சனி, ஞாயிறு இரண்டு நாளும் திருப்பதியில் ஒரு தனியார் கல்லூரி ஹாலில், சொந்தமாக கேம் செய்கிறவர்கள் மேசை போட்டுக் காட்டுகிற நிகழ்ச்சி. ஸ்வீட்டிக்கும் ஒரு மேசை கிடைத்தது. அவளோடு படித்த யதிராஜ் ஏற்பாடு செய்தது. திருப்பதிப் பையன், திருச்சானூரில் அவன் மாமாவின் லாட்ஜைப் பார்த்துக்கொள்கிறான்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் ஸ்வீட்டி சொன்னாள்: "க்கா, ஒரு முடிவு பண்ணிக்கீறேன். ரெண்டு நாள்ல பத்து பேரு. நான் கேக்காம, நீ கேக்காம, யதி கேக்காம, தானா ரெண்டாவது தபா ஸ்டார்ட் அமுக்கணும். பத்து பேரு அமுக்கினா வண்ட முடிப்பேன். இல்லன்னா திங்கக்கிழமை பெங்களூருக்கு மெயில் போட்டுடுவேன், ஒண்ணாந்தேதி வந்துடறேன்னு."

"பத்து எதுக்கு, நூறு பேரு அமுக்குவாங்க. குறையே இல்லாத சரக்குடி" என்றேன்.

ஹாலில் பதினைந்து மேசை. எங்கள் மேசையில் லேப்டாப்பும் ஒரு ரிமோட்டும். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு நோட்டோடு உட்கார்ந்தேன். முதலில் ஒரு கல்லூரிப் பெண் ஆடினாள். பன்னிரண்டு நிமிடத்தில் மாமரம் வந்துவிட்டது. "சால பாகுந்தி அக்கா" என்று தெலுங்கில் பாராட்டி, ரிமோட்டை வைத்துவிட்டு எழுந்து போனாள். அடுத்தவன் பதினோரு நிமிடம். "சூப்பர்." போனான். அடுத்தவர் பதிமூன்று நிமிடம். "வெரி நைஸ்." போனார். எல்லாரும் புகழ்ந்தார்கள், எல்லாரும் போனார்கள். ஒரு பையன் மட்டும் மாமரத்தைப் பார்த்துவிட்டு, "அவ்வளவுதானா? வேற கேம் எதனா கீதா?" என்றான். எனக்கு அவன் காதைத் திருகவேண்டும் போல இருந்தது.

அடுத்த மேசையில் ஏதோ ஒரு தவளை கேம். சத்தம் சகிக்கவில்லை. படமும் நம்முடையது அளவுக்கு இல்லை. ஆனால் அங்கே கும்பல். "அய்யய்யோ!" "இன்னொரு தபா, இன்னொரு தபா!" என்று ஒரே கூச்சல்.

நாலு மணி வரை முப்பத்துநான்கு பேர் ஆடினார்கள். இரண்டாவது முறை ஒருவர் கூட ஆடவில்லை. நோட்டில் ஒரு கட்டம் முழுதும் காலியாகக் கிடந்தது.

யதிராஜ் லாட்ஜிலிருந்து வந்து, தானும் ஒருமுறை ஆடிப் பார்த்தான். ஆடி முடித்துத் தலையைச் சொறிந்தான்.

"ஸ்வீட்டி, டிசம்பர்ல நீ அனுப்பினது இது இல்லையே. டார்ச் மாமி வந்தா இப்ப மணி அடிக்கறதே?"

"ரிப்பேர் பண்ணியாச்சு" என்றேன் நான்.

"எதுக்குக்கா ரிப்பேர்? அந்த மாமிக்குப் பயந்து லாட்ஜ்ல ரூம் சாவிய மாத்திக் குடுத்து மாமாகிட்ட திட்டு வாங்கினவன் நான்."

"ஆடிக்கினே சாவி குடுத்தா அப்படித்தான் ஆவும். எங்க பேக்டரியா இருந்தா உன்ன கேட்லயே நிறுத்திடுவாங்க."

அவன் ரிமோட்டை வைத்துவிட்டு எழுந்தான். ஸ்வீட்டி என் பக்கம் பேசவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஐந்தரை மணி பஸ்ஸில் சித்தூருக்குத் திரும்பினோம். சூடு இன்னும் அடங்கவில்லை. கம்பியில் கை வைக்க முடியவில்லை. ஸ்வீட்டி ஜன்னலில் தலை சாய்த்து, "நாளைக்கு வேணாம்க்கா. மெயில இன்னிக்கே போட்டுடறேன்" என்றாள்.

"என் மேல குத்தம் சொல்றியா?"

"நான் ஒண்ணுமே சொல்லலியே."

சொல்லாமல் இருப்பதே குற்றம் சொல்வதுதான். என் மேல் தப்பில்லை என்று காட்டுவதற்காகவே நோட்டைத் திறந்தேன். அறுபத்தொரு குறையில் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று முதல் பக்கத்திலிருந்து விரல் வைத்துப் படித்துக்கொண்டு வந்தேன். காரணம், நடவடிக்கை, காரணம், நடவடிக்கை. விட்டுப்போனது எதுவும் இல்லை. எல்லாம் ஒழுங்காக இருந்தது. எனக்கு இன்னும் கோபம் வந்தது.

பூதலப்பட்டு தாண்டி பஸ் நின்றபோது எழுத்து ஆடாமல் தெரிந்தது. அப்போதுதான் நேரக் கட்டங்களைப் பார்த்தேன்.

ஐம்பத்தேழாவது சாவு. நின்றது 4.12. காரணம்: டார்ச் அம்மா. வருவதற்கு முன் பெல்ட் ஒரு நொடி நின்றது, பார்த்தும் ஓடவில்லை. மறுபடி ஓடியது 4.12.

நூற்று மூன்றாவது. நின்றது 10.05. காரணம்: வண்டு சுவரில் சிக்கி நகரவே இல்லை. மறுபடி ஓடியது, மறுநாள் 3.20.

இருநூற்றுப் பதினொன்று. நின்றது 6.31. காரணம்: நீலம் பழம் எடுத்ததால் சிறகு பெரிதாகிக் கத்தியில் மாட்டியது, கிளிமூக்கு மாம்பழம் எடுத்திருந்தால் முதுகில் கெட்டி ஓடு கிடைத்திருக்கும். மறுபடி ஓடியது 6.31.

கடைசிப் பக்கம், ஏப்ரல் பத்து. நின்றது 11.15. காரணம்: ஜெயித்தேன். மறுபடி ஓடிய நேரம், காலி. பதினைந்து நாளாகக் காலி.

நான் இருபத்திரண்டு வருடமாக எழுதுகிற கட்டம் அது. லைன் நின்று ஓடுவதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்பதைத்தான் செங்கல்வராயன் சார் முதலில் பார்ப்பார். காரணத்தை அப்புறம்தான் கேட்பார். நான் அதை நோட்டில் எழுதினேனே தவிர ஒருநாளும் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஏய், இங்க பாரு" என்று ஸ்வீட்டியை இடித்தேன். "அந்தம்மா கையில செத்தப்பல்லாம் அதே நிமிஷத்துல திரும்ப ஆடிக்கீறேன். சுவத்துல மாட்டினப்ப ஒரு நாளு ஆயிக்கீது. ஜெயிச்சப்புறம் தொடவே இல்ல."

அவள் நோட்டைப் பிடுங்கிக்கொண்டாள். பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.

"க்கா, இந்த நேரத்தையெல்லாம் எப்ப எழுதின?"

"எப்பவும் எழுதறதுதான். நீ பாக்கலியா?"

"நீ நடவடிக்கைய மட்டும்தானே படிச்சிக் காட்டுவ."

"உனக்குத் தோணலியா? மணி வெச்சா ஆட்டம் கெட்டுடும்னு உனக்குத் தெரியாதா? இன்ஜினியரு நீயா நானா?"

"தெரியும்" என்றாள் மெதுவாக.

"தெரிஞ்சிம் ஏண்டி வெச்ச? வேணாம்கான்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் இல்ல?"

"நீ சொன்னதுக்கு நான் எப்பக்கா இல்லன்னு சொல்லிக்கீறேன்?"

எனக்குப் பளாரென்று அறை விழுந்தது போல இருந்தது. ஐந்து வயதிலிருந்து சொன்ன பேச்சைக் கேட்கிறாள் என்று சபை முழுவதும் பெருமையடித்தவள் நான். அதே பெருமைதான் அவள் கேமை இப்படிக் கொன்று வைத்திருக்கிறது. யாரைத் திட்டுவது? திட்டுவதற்கு பஸ் கண்டக்டர்தான் கிடைத்தார். சில்லறைக்காக அவரிடம் கொஞ்சம் கத்தினேன்.

அப்புறம் யோசித்தேன். எல்லாக் குறையும் ஒரே ஜாதி இல்லை. சுவரில் சிக்குவது கேமின் தப்பு. பெல்ட் நின்றதைப் பார்த்தும் ஓடாதது என் தப்பு. என் தப்பில் செத்தால் எனக்கு உட்காரப் பொறுக்காது. இப்போது எனக்குத் தெரியும், இந்தத் தபா ஏமாறமாட்டேன் என்று விரல் தானாகப் போய் அமுக்கும். கேமின் தப்பில் செத்தால் போனைத் தூக்கி வைத்துவிட்டுக் கீரை ஆயப் போய்விடுவேன். நான் இரண்டுக்கும் ஒரே பேனாவால் நடவடிக்கை எழுதியிருந்தேன்.

"நான் சரி பண்ணச் சொன்னத திரும்பக் கெடுக்க முடியுமா?"

"குறை எண் போட்டுத்தான் ஒவ்வொண்ணையும் தனித்தனியா வெச்சிருக்கேன். எந்த எண்ணுன்னு சொன்னா எடுத்துடலாம்."

சித்தூர் பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் எண்களைப் பிரித்தோம். நான் நேரத்தைப் படித்தேன், அவள் எண்ணைக் குறித்தாள். அதே நிமிடத்தில் திரும்ப ஆடிய சாவுக்குக் காரணமானவை முப்பத்தெட்டு. அவை திரும்ப வரவேண்டும். மீதி இருபத்துமூன்று உண்மையான குறை. அவை சரி செய்தபடியே இருக்கட்டும். பதினேழாம் எண்ணைக் கடைசியாகத்தான் படித்தேன். அந்த மணி எனக்குப் பிடித்திருந்தது.

ஞாயிறு விடியும் நேரத்தில் எழுந்து ஸ்வீட்டி வேலையை முடித்துவிட்டாள். அம்மா கோயிலுக்குப் புடவை கட்டிக்கொண்டு வாசலில் நின்று, "ஓய்வுநாளும் அதுவுமா கோயிலுக்கு வராம ரெண்டு பேரும் வண்டு ஆடப் போறீங்களா? பாஸ்டர் கேட்டா இன்னா சொல்றது?" என்றாள்.

"வண்டுக்காக ஜெபிக்கச் சொல்லு" என்று ஸ்வீட்டி பையை மாட்டிக்கொண்டு ஓடினாள். முந்தின நாள் காலைக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் கேலி அது.

அன்றைக்கு வந்த முதல் ஆள் நாற்பது நொடியில் கத்தியில் செத்தான். "சே!" என்று ஸ்டார்ட்டை அமுக்கினான். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று நொடி. நோட்டில் எழுதினேன். ஒன்று. இரண்டாவது ஆள் தொட்டியிலேயே மூழ்கி, "போர்" என்று எழுந்து போய்விட்டாள். மூன்றாவது, நான்காவது ஆட்கள் டார்ச் அம்மாவிடம் மாட்டி, "சொல்லாமலே வருது, ரிப்பேர் கேம்" என்று என்னிடமே சொன்னார்கள். பதினேழாம் எண்ணில் நான் எழுதிய அதே குறை. நின்ற நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டேன்.

பதினொரு மணிக்கு ஒரு அம்மா வந்தார். தவளை கேம் செய்த பெண்ணின் தாய், பெயர் வைஜயந்தி. மகளுக்கு டப்பாவில் புளியோதரை கொண்டுவந்தவர், அங்கே கும்பல் குறையட்டும் என்று எங்கள் மேசையில் உட்கார்ந்தார். பட்டுப்புடவை, வைரத்தோடு. "எனக்கு இதெல்லாம் வராதும்மா" என்றபடியே ரிமோட்டைத் தலைகீழாகப் பிடித்தார். ஸ்வீட்டி திருப்பிக் கொடுத்தாள். செத்தார். யாரும் கேட்காமலே அமுக்கினார். அதற்குள் நாலு பேர் தானாக மறுபடி அமுக்கியிருந்தார்கள், பத்தில் இவர் ஐந்தாவது என்று குறித்துக்கொண்டேன். நான்கு முறை ஆடினார். நாலாவது முறை நல்ல பழம் கிடைத்து ஸ்டீம் ரூம் வரை போய், டார்ச் அம்மாவிடம் மாட்டிக்கொண்டார். "பாவி!" என்றார். போன் அடித்தது. திருச்சானூரில் கல்யாணமாம், முகூர்த்தம் முடிந்து எல்லாரும் தேடுகிறார்களாம். 11.40க்கு எழுந்து போனார்.

மூன்று மணிக்குள் எட்டு ஆகிவிட்டது. அப்புறம் கூட்டம் வடிந்துவிட்டது. மூன்றரைக்கு இரண்டு பேர் வந்து ஒருமுறை ஆடிவிட்டுப் போனார்கள். நாலு மணிக்கு வந்தவர் கழிப்பறை எங்கே என்று கேட்டார். யதிராஜ் வாசலில் நின்று நாலு பேரைக் கையைப் பிடித்து இழுத்து வருவதாகச் சொன்னான்.

"அது கேட்டு ஆடறது. கணக்குல வராது" என்றேன்.

"அக்கா, உங்க தங்கை லைஃபுக்கு ஸ்டாம்ப் அடிக்கற ஆபீஸரா நீங்க?"

"எட்டுன்னா எட்டுதான் எழுதுவேன்."

எனக்கு அழுகை வந்தது உண்மை. ஆனால் இல்லாத ஒன்றை நான் எப்படி எழுதுவேன்? நாலரைக்கு ஸ்வீட்டி லேப்டாப்பை மூடி ஒயரைச் சுற்றத் தொடங்கினாள். நான் நோட்டை மூடவில்லை.

ஹால் வாசலில் ஷேர் ஆட்டோ ஒன்று நின்றது. வைஜயந்தி அம்மா பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாக உள்ளே வந்தார். மகள், "அம்மா, நான் ரெடி, போலாம்" என்று எழுந்தாள். அவர் அவளைத் தாண்டி எங்கள் மேசைக்கு வந்தார்.

"மூடிட்டேளா? ஒரே ஒரு தடவை, கொழந்தே. அந்த டார்ச்சுக்காரிய நான் விடப்போறதில்ல."

ஸ்வீட்டி ஒயரைப் பிரித்தாள்.

"பந்தில உக்காந்திருக்கேன், எலைல கவனமே இல்ல" என்றார் என்னிடம். "சாம்பார் வாளியோட வந்தவன் ஒரு செகண்டு நின்னான் பாருங்கோ, அப்பத்தான் உறைச்சது. அவ வர்றதுக்கு முன்னால அந்த பெல்ட்டு நிக்கறது! நின்னா ஓடணும்! நான் மண்டு மாதிரி அங்கேயே நின்னுண்டிருந்தேன்."

ஆடினார். மூன்றாவது அறையில் பெல்ட் நின்றது. "ஆங்!" என்று கத்திக்கொண்டே வண்டைப் பழக்குவியலுக்குள் ஓட்டினார். டார்ச் வெளிச்சம் மேலே தடவிக்கொண்டு போனது. என் நீலக் கோட்டு இடது காலை இழுத்துக்கொண்டு திரையைத் தாண்டியது. வைஜயந்தி அம்மா நாற்காலியிலிருந்து பாதி எழுந்து என் கையைப் பிடித்து உலுக்கினார். அவர் ஏய்த்தது யாரை என்று நான் சொல்லவில்லை. அடுத்த அறையில் கத்தியில் செத்தார். "சீ, இந்த சனியன்!" என்று மறுபடி அமுக்கினார். மகள் வந்து ரிமோட்டைப் பிடுங்கி அழைத்துக்கொண்டு போகும்போது மணி ஐந்து.

ஸ்வீட்டி போனை எடுத்துத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி பண்ற?"

"மேனேஜருக்கு மெயில். வரலன்னு."

"எட்டுதான் ஆச்சி. அந்தம்மா காலைலயே கணக்குல வந்துட்டாங்க. இப்ப வந்தது புதுசா சேராது."

"தெரியும்க்கா."

"பத்துன்னு நீதானே சொன்ன? நீயே வெச்ச விதிடி."

"ஆமா, நான் வெச்சதுதான். தப்பா வெச்சிட்டேன். பந்தில உக்காந்தும் அந்தம்மா மனசுல வண்டு ஓடிச்சே, எனக்கு அது போதும்."

"ரெண்டு ஆளு குறையுது. விதின்னா விதிதான். ஜூன் ஒண்ணாந்தேதி போய்ச் சேரு, கேம லீவுநாள்ல பண்ணு."

"இல்லக்கா" என்றாள் ஸ்வீட்டி. தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். தட்டி முடித்து அனுப்பியும் விட்டாள்.

இருபத்திரண்டு வருடத்தில் அவள் என்னிடம் சொன்ன முதல் இல்லை. எனக்குக் கோபம் வந்ததா என்றால், வந்தது. திரும்பும் பஸ்ஸில் பாகாலா வரை நான் அவளோடு பேசவில்லை. எட்டு எப்படிப் பத்தாகும்? இன்றைக்கும் அது எனக்குச் சமாதானம் ஆகவில்லை. சபையில் கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில்: வேலையை விட்டுவிட்டாள், பூச்சி பொம்மைதான் செய்கிறாள், நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன், அவள் கேட்கவில்லை.

மே வந்துவிட்டது. லைன் மூன்று ஷிப்டும் ஓடுகிறது. சாப்பாட்டு நேரத்தில் ஸ்டீம் ரூமுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு ஆட்டம் ஆடுகிறேன். மணி இல்லாத வண்டில் நான் இன்னும் ஒருமுறை கூட மாமரத்தைப் பார்க்கவில்லை. நேற்று மட்டும் பதினோரு சாவு. என் உருவமே என்னை நாலு முறை பிடித்தது.

அன்றைக்கு பஸ்ஸில் பேசாமல் வந்தபோது, நோட்டில் கடைசி வரியை எழுதினேன். எழுதாமல் விட்டால் கணக்கு முடியாது. வைஜயந்தி அம்மா. நின்றது 11.40. மறுபடி ஓடியது 4.35. நோட்டிலேயே நீளமான இடைவெளிகளில் ஒன்று. நான் கண்டுபிடித்த கணக்குப்படி அவர் திரும்பி வந்திருக்கவே கூடாது. காரணக் கட்டத்தில் கல்யாணம் என்று எழுதினேன். நடவடிக்கைக் கட்டத்தில் பேனாவை வைத்தேன்; இதில் என்ன செய்யவேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை, அவளுக்குத் தெரியலாம். பிறகு அந்த ஒரு கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டு நோட்டை ஸ்வீட்டியிடம் கொடுத்தேன்.